அறுவைச் சிகிச்சைக்கு முன் நான் படித்த தாள்கள்



சில மாதங்களாக என்னைக் காணும் ஒவ்வொருவரும் முதலில் என் கணவரின் உடல்நலம் பற்றிக் கேட்கின்றனர். அடுத்ததாகக் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, “செலவு எவ்வளவு ஆயிற்று? காப்புறுதி கொடுத்ததா?” என்று கேட்கின்றனர். சிற்றுண்டிச்சாலையிலும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்த பின்னரும், தானா ராத்தா காலைச் சந்தையிலும் இதே கேள்விக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அவ்வாறு சொன்னதில் பாதி விடுபட்டுப் போயிருக்கும். ஆகவே முழுவதையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தமிழாசிரியை, காப்புறுதி அறிஞர் அல்லள். எங்களுக்கு நேர்ந்ததையும், அதன்பொருட்டு நான் தேடிப் படித்ததையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கொழுந்து வாடும் பதத்தைக் கையால் தொடாமல் மணத்தாலேயே சொல்லிவிடுவார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்திலிருந்து, தொழிற்சாலையிலிருந்து மேட்டுப் பாதையில் ஏறி வரும்போது பாதி வழியில் நின்று நின்று வருவதைக் கவனித்தேன். கேட்டால், “காத்துதான், வயித்துல காத்து” என்பார். இஞ்சிச் சாறு கொடுத்தேன். ஓமநீர் கொடுத்தேன். ஒரு புதன்கிழமை இரவு, நாங்கள் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டிருந்த குளிரில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. தாடை வலிக்கிறது என்றார். அப்போதுதான் அது காற்று அன்று என்று எனக்குப் புரிந்தது.

தானா ராத்தா அரசு மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவுதான். ஈ.சி.ஜி. எடுத்த மருத்துவர் அதிகம் பேசவில்லை. விடியுமுன் ஆம்புலன்சில் ஏற்றிச் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அந்தச் சாலையின் வளைவுகளில் நம்மில் பலர் வாந்தி எடுத்திருக்கிறோம். அன்று எனக்கு எந்த வளைவும் நினைவில்லை.

ஈப்போவில் மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி ஆஞ்சியோகிராம் செய்தார்கள். மருத்துவர் ஒரு தாளில் இருதயத்தை வரைந்து, மூன்று இடங்களில் குறுக்கே கோடு போட்டார். மூன்று முதன்மை இரத்தக் குழாய்களிலும் அடைப்பு. இவருக்கு நீரிழிவும் இருப்பதால், ஸ்டெண்ட் வைப்பதைவிட பைபாஸ் அறுவையே நீண்ட காலத்திற்கு நல்லது என்றார். வந்தது சிறு மாரடைப்பு; மருந்தால் நிலைப்படுத்தியாயிற்று; ஆனால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார்.

அன்று மாலையே கணவரின் சித்தப்பா மகன் வந்துவிட்டார். எங்களுக்கு மருத்துவ அட்டை எடுத்துக் கொடுத்த காப்புறுதி முகவர் அவர்தான். நல்ல பிள்ளை, ஓடி வந்து உதவுபவர்.

“அண்ணி, கார்டு இருக்கும்போது எதுக்கு வரிசையில நிக்கணும்? பிரைவேட்டுக்குப் போவோம். அடுத்த வாரமே செஞ்சிடலாம்” என்றார்.

எனக்கும் அதுவே சரி என்று தோன்றியது. எட்டு ஆண்டுகளாக மாதந்தவறாமல் சந்தா கட்டியது வேறு எதற்காக? ஒரு தனியார் மருத்துவமனையில் அவரே பேசி மதிப்பீட்டுத் தாளை வாங்கி அனுப்பினார். 78,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு லட்சம் ரிங்கிட் வரை; தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாள் இருந்தால் அதற்கேற்ப உயரும் என்று அதில் இருந்தது.

கணவரை வீட்டுக்கு அழைத்து வந்த இரவு, பிஸ்கட் டின்னில் பிறப்புப் பத்திரங்களோடு கிடந்த காப்புறுதி ஒப்பந்தத்தை வெளியே எடுத்தேன். 2016ஆம் ஆண்டு எடுத்தது. நாற்பத்தாறு பக்கங்கள். எட்டு ஆண்டுகளில் அதன் உறையைக்கூட நான் பிரித்ததில்லை. வகுப்பில் கருத்துணர்தல் பகுதி நடத்தும்போது, “கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு எழுதுங்கள்” என்று மாணவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த ஆசிரியை தன் வீட்டுத் தாளை ஒரு முறையும் படிக்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது ஆண்டு வரம்பு. எங்கள் அட்டையில் அது 60,000 ரிங்கிட். ஓராண்டில் எத்தனை முறை மருத்துவமனையில் சேர்ந்தாலும் நிறுவனம் கொடுப்பது மொத்தம் அவ்வளவுதான். அந்த ‘ஆண்டு’ ஜனவரியில் தொடங்குவதன்று. ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு. 2016இல் அறுபதாயிரம் பெருந்தொகையாகத் தெரிந்தது. மதிப்பீட்டுத் தாளின் கீழ் எண்ணுக்கே அது இப்போது போதவில்லை.

அடுத்தது அறைக் கட்டணம். நாளொன்றுக்கு 150 ரிங்கிட் அறை எங்களுக்கு உண்டு. அதற்குமேல் விலையுள்ள அறையில் தங்கினால், அறையின் விலை வேறுபாட்டை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. உயர்ந்த அறையை எடுத்தால் மொத்தச் செலவில் 20 விழுக்காட்டை நாமே ஏற்க வேண்டும் என்று இருந்தது. மருத்துவமனையின் அறை விலைப் பட்டியலில் 150 ரிங்கிட்டுக்கு அறையே இல்லை.

நான்காம் வகுப்புக் கணிதந்தான், போட்டுப் பாருங்கள். செலவு 80,000 ரிங்கிட் என்று கொள்வோம். அதில் 20 விழுக்காடு 16,000. மிஞ்சுவது 64,000. ஆண்டு வரம்போ 60,000. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 20,000 ரிங்கிட் எங்கள் கையிலிருந்து போக வேண்டும். செலவு ஒரு லட்சமானால் 40,000. ‘கார்டு இருக்கிறது’ என்ற இரண்டு சொற்களுக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தேன். நம் நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர் வாங்கும் கட்டணத்திற்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவச் சட்டத்தின்கீழ் வந்த விதிமுறைகளின் 13ஆம் அட்டவணை அதை வகுத்துள்ளது. ஆனால் மருந்து, கையுறை, நூல், குழாய், கருவி வாடகை, அறுவைக்கூடம் முதலியவற்றுக்கு மருத்துவமனை போடும் விலைக்கு அத்தகைய வரம்பு இல்லை. விலைப்பட்டியலில் பெரும்பகுதி இவைதாம். மதிப்பீடு ஏன் 78,000க்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில் ஊசலாடுகிறது என்பது இதைப் படித்த பிறகே விளங்கியது.

பணம் பற்றாக்குறை மட்டும் என்றால் நகையை அடகு வைத்திருப்பேன். ஊழியர் சேமநிதியில் கணவருக்குச் சேமிப்பு இருந்தது. 2024 மே மாதம் முதல் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ‘செஜாத்தரா’ கணக்கிலிருந்து கடுமையான நோய்களின் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். இருதய நோய் அவற்றுள் ஒன்று. தமக்கு மட்டுமன்று, கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் சிகிச்சைக்கும் எடுக்கலாம். ஆகவே வழி இருந்தது.

ஆனால் ஒப்பந்தத்தின் பின்பகுதியில், நாங்கள் கையொப்பமிட்ட விண்ணப்பப் படிவத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கேள்வி: உயர் இரத்த அழுத்தத்திற்கு எப்போதேனும் சிகிச்சை பெற்றதுண்டா, மருந்து உட்கொண்டதுண்டா? எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி.

கணவரின் சட்டைப்பெட்டியில் பழைய கிளினிக் அட்டை ஒன்று இருந்தது. 2014ஆம் ஆண்டில் இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்த குறிப்பு அதில் தெளிவாக இருந்தது. ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, “இப்ப நல்லாயிருக்கு” என்று நிறுத்திவிட்டவர் இவர்.

“நீங்க இதுல ‘இல்லை’ன்னு போட்டீங்களா?”

“நான் எங்க போட்டேன்? தம்பி கையெழுத்து போடச் சொன்னான், போட்டேன். அவன்தான் எடுத்துட்டுப் போய் எழுதினான்.”

எனக்கு அந்த மாலை நினைவிருந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அது நடந்தது. நான் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்குகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். சொந்தப் பிள்ளைதானே என்று இருந்துவிட்டேன். ஆகவே இதில் குற்றம் சொல்ல நான் யாரைத் தேடிப் போக?

முகவர் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அண்ணி, ஆஸ்பத்திரியில டாக்டர் ஒரு பாரம் பூர்த்தி செய்வார். பிரஷர் எப்பலருந்துன்னு கேப்பார். 2018லதான் தெரிஞ்சதுன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான். அதோட பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் தாண்டியாச்சு, அவங்களால ஒன்னும் செய்ய முடியாது” என்றார்.

இந்த ‘இரண்டு வருடம்’ என்ற பேச்சு பரவலாக இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, காப்புறுதி எடுப்பவர் உண்மையைச் சொல்வதில் எந்த அளவு கவனம் காட்ட வேண்டும் என்று வகுக்கிறது. தவறான தகவல்களை அது மூன்றாகப் பிரிக்கிறது: வேண்டுமென்றோ பொறுப்பற்றோ சொன்னது, கவனக்குறைவால் சொன்னது, அறியாமல் சொன்னது. மூன்றுக்கும் விளைவு வெவ்வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் உள்ள ஆயுள் காப்புறுதியை, மோசடி என்று காட்டினாலன்றி நிறுவனம் செல்லாததாக்க முடியாது என்பதும் அதில் உள்ளது. தம்பி பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியை. ஆனால் எங்கள் கையில் இருந்தது ஆயுள் காப்புறுதி அன்று, மருத்துவ அட்டை. அதில் ‘முன்பே இருந்த நோய்க்குப் பணம் இல்லை’ என்று தனி விதி ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு, பத்து ஆண்டு என்ற கெடு ஏதும் எழுதப்படவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, 2018 என்று நான் இப்போது சொன்னால் அது கவனக்குறைவும் அன்று, அறியாமையும் அன்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவுகள் நான் 2018 என்றே சொல்வதாக முடிவு செய்திருந்தேன். மாணவன் ஒருவன் விடையைப் பார்த்து எழுதினால் அவன் தாயை அழைத்துவரச் சொல்பவள் நான். அந்த இரு இரவுகளில் அதெல்லாம் என் நினைவுக்கே வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவரின் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். எண் ஒன்றை மாற்றிச் சொன்னால் அடுத்த வாரம் அறுவை. அந்தக் கணக்கு மட்டுமே மனத்தில் இருந்தது.

மறுத்தவர் அவர்தான். அறநெறி எதுவும் பேசவில்லை.

“அந்தக் கிளினிக்ல எம்பேர்ல கார்டு இருக்கு. அவங்க போய்க் கேக்க மாட்டாங்களா? என் நெஞ்சைப் பொளந்து வச்சிருக்கிற நேரத்துல, லெட்டர் வருமா வராதான்னு நீ வெளியில உக்காந்து பயந்துக்கிட்டு இருக்கணுமா? வேணாம்.”

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனையில் சேரும்போது காப்புறுதி நிறுவனம் கொடுப்பது முதல் உத்தரவாதக் கடிதம் மட்டுமே. வீடு திரும்பும் நாளில் முழு விலைப்பட்டியலைப் பார்த்த பிறகுதான் இறுதிக் கடிதம் வரும். இடையில் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்க நிறுவனத்திற்கு உரிமை உண்டு. ஐயம் எழுந்தால், ‘முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு கோரிக்கை அனுப்புங்கள்’ என்று சொல்லிவிடலாம். அப்போது ஒரு லட்சத்திற்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் பள்ளிக்குச் சென்றேன். ஆசிரியர் அறையில் அமர்ந்து அழவில்லை. ஆனால் அழுதவள்போல் இருந்திருக்கிறேன். எங்கள் பள்ளி அலுவலகத்தில் பணிபுரியும் மலாய்ப் பெண்மணி என்னருகில் வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். “சிக்கு, நீங்கள் அரசாங்க ஊழியர்தானே? கணவருக்கு ஜி.எல். எடுக்கலாமே?” என்று மலாயில் கேட்டார்.

அரசு மருத்துவமனையில் ஆசிரியர்களுக்குச் சலுகை உண்டு என்பது எனக்குத் தெரியும். ஈப்போவில் என் ஊழியர் அட்டையைக் காட்டியிருந்தேன். தேசிய இருதயக் கழகம் 1992இல் தொடங்கப்பட்டது. அது தனி நிறுவனமாக இயங்குவதால் அங்கே நம் சலுகை செல்லாது என்று நானாகவே நினைத்திருந்தேன். எவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. எவரிடமும் நான் கேட்கவும் இல்லை.

அரசு ஊழியர்களின் மருத்துவச் சலுகைகளை வகுப்பது 1974ஆம் ஆண்டுப் பொதுக் கட்டளையின் எஃப் பிரிவு. ‘பாப் எஃப்’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் குடும்பம் என்பதில் மனைவியும் கணவரும் பிள்ளைகளும் அடங்குவர். ஆசிரியை ஒருத்தியின் கணவர் தனியார் துறையில் வேலை செய்தாலும் அவருக்கு அந்த உரிமை உண்டு. அரசு மருத்துவமனையின் நிபுணர் தேசிய இருதயக் கழகத்திற்குப் பரிந்துரைத்தால், துறைத் தலைவரின் உத்தரவாதக் கடிதத்தோடு அங்கே சிகிச்சை பெறலாம். செலவை அரசாங்கம் ஏற்கும். இதில் முதற்சொல் பரிந்துரை. நாமாகப் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு கடிதம் கேட்டால் நடவாது. எங்கள் கையில் ஈப்போ மருத்துவரின் கடிதம் ஏற்கெனவே இருந்தது. ஐந்து நாள்களாக அது என் கைப்பையிலேயே மடிந்து கிடந்தது.

எச்.ஆர்.எம்.ஐ.எஸ். கணினி முறையில் என் குடும்ப விவரத்தைத் திறந்தால், அதில் கணவரின் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் பிழையாக இருந்தது. அதைத் திருத்த இரண்டு நாள் பிடித்தது. பிறகு கடிதம் அச்சாகி வந்தது. ஒரே ஒரு தாள். ஆசிரிய நண்பர்களே, இதைப் படித்து முடித்ததும் வேறொன்றும் செய்யாவிட்டாலும், அந்த முறையில் உங்கள் குடும்பத்தாரின் பெயரும் எண்ணும் சரியாக உள்ளனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று இங்கே எழுதிவிட முடியாது. தேசிய இருதயக் கழகத்தில் மீண்டும் பரிசோதித்தார்கள். உடனடி ஆபத்து இல்லை என்பதால் வரிசையில் வைத்தார்கள். ஒன்பது வாரம் காத்திருந்தோம். தனியாரில் ஒரு வாரம், இங்கே ஒன்பது. பணத்திற்குப் பதிலாக நாங்கள் செலுத்திய விலை அதுதான்.

அந்த ஒன்பது வாரங்களில் அவர் வேலைக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, மலைச்சரிவில் கொழுந்து ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். நான்காம் வாரத்தில் ஒரு நள்ளிரவு, ஒன்று வைத்தும் வலி அடங்கவில்லை. இரண்டாவது வைத்தார். மருத்துவமனைக்கு ஓடினோம். விடிவதற்குள் தணிந்தது. செய்தி கேட்டு முகவர் தம்பி அழைத்தார். “அண்ணி, அண்ணனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அந்த ஒரு எண்ணைச் சொல்லாததுக்காக நீங்க வாழ்நாள் முழுக்க அழுவீங்க” என்றார். கோபத்தில் சொன்னாரா, அன்பில் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது பொய்யென்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. சரியான வழியைத் தேர்ந்தோம் என்ற நிம்மதி அந்த ஒன்பது வாரங்களில் ஒரு நாளும் எனக்கு இருந்ததில்லை.

அக்டோபர் நடுவில் அழைப்பு வந்தது. அறுவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மார்பெலும்பைத் திறந்து, நெஞ்சின் உட்புறத்திலிருந்து ஒரு தமனியையும் காலிலிருந்து சிரை ஒன்றையும் எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புதிய பாதை அமைத்தார்கள். காலை ஏழரைக்கு உள்ளே சென்றவரை மாலையில்தான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியில் அமர்ந்திருந்த அந்த நேரம் முழுதும் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் கடிதத்தைப் பற்றி ஒருமுறையும் நினைக்கவில்லை. அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கையிலிருந்து சென்ற செலவு என்ன என்று கேட்கிறீர்கள். மருத்துவமனைக்கு நாங்கள் கட்டியது மிகச் சிறிய தொகையே. மற்றபடி செந்தூலில் உறவினர் வீட்டில் தங்கியது, சாப்பாடு, மலைக்கும் கோலாலம்பூருக்குமான பயணங்கள், கணவருக்கு இழப்பான மிகுதிநேர ஊதியம் என எல்லாம் சேர்ந்து 6,000 ரிங்கிட்டைத் தாண்டியது. எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இந்தச் செலவு வராது. தனியார் துறைத் தொழிலாளிக்கு 2023 ஜனவரி முதல், வழக்கமான நோய் விடுப்போடு சேராமல் தனியாக 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பு சம்பளத்தோடு உண்டு. இது அவருக்குப் பெரிதும் உதவியது.

எதிர்பாராத இடத்திலிருந்து ஒன்று வந்தது. 2005இல், திருமணமான புதிதில், அவர் எடுத்த சிறிய ஆயுள் காப்புறுதி ஒன்று இருந்தது. அதனோடு கடும்நோய்க் காப்பு 30,000 ரிங்கிட்டுக்கு இணைந்திருந்தது. இரத்த அழுத்தம் தெரிவதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியது; மறைத்தது ஒன்றுமில்லை. மருத்துவ அட்டை மருத்துவமனைச் செலவைக் கட்டும்; கடும்நோய்க் காப்போ செலவை யார் கட்டினாலும் நோயாளியின் கையில் மொத்தமாகப் பணம் கொடுக்கும். இரண்டும் ஒன்றென்றே நான் நினைத்திருந்தேன். இதிலும் சொல்லைக் கவனிக்க வேண்டும். நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் என்றால் முழுத் தொகை. ஸ்டெண்ட் வைத்தால் காப்புத் தொகையில் 10 விழுக்காடு, அதுவும் 25,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல். ஆக எங்களுக்கு ஸ்டெண்ட் வைத்திருந்தால் 3,000 மட்டுமே கிடைத்திருக்கும். நிபுணர் பூர்த்தி செய்த படிவத்தை அனுப்பினோம், பணம் வந்தது. மகளின் கல்லூரிக் கட்டணம் அதில்தான் கட்டினோம்.

நவம்பரில் என் மாணவி ஒருத்தியின் தாயார், கொழுந்து கிள்ளுபவர், பள்ளிக்கு வந்திருந்தார். “டீச்சர், உங்க வீட்ல கவர்ன்மெண்ட் வேலை இருக்கு. எங்களுக்கு இந்த மாதிரி வந்தா என்ன பண்றது?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிய பிறகு அடுத்த வாரம் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

சொக்சோ பைபாஸ் செலவைக் கட்டும் என்று தோட்டத்தில் பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. வேலையால் வந்த காயத்திற்கும் நோய்க்கும் அது சிகிச்சைச் செலவைத் தரும். மற்ற நோயால் இனி வேலை செய்ய இயலாது என்ற நிலை வந்தால், தகுதி உள்ளவருக்கு இயலாமை ஓய்வூதியம் உண்டு. அது வேறு. அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாள் கட்டணம் மூன்று ரிங்கிட்தான். பெருஞ்செலவு வருவது உள்ளே பொருத்தும் கருவிகளுக்கு. எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயது ஆனவர்களுக்கு, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. இலவச உடற்பரிசோதனையோடு, ஸ்டெண்ட், இதயமுடுக்கி போன்ற கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரை அதில் உதவி உண்டு. அதற்கும் அப்பால், அரசு மருத்துவமனையில் மருத்துவச் சமூகநலப் பிரிவைத் தேடிப் போக வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி 2005 முதல் இருக்கிறது. அதற்கான விண்ணப்பம் இவர்கள் வழியாகத்தான் போகும். தேசிய இருதயக் கழகத்தின் அறவாரியமும் வசதியற்ற நோயாளிகளுக்கு உதவுகிறது. இவை எதுவும் தானாக வீடு தேடி வராது. சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நாம்தான் போய் உட்கார வேண்டும். அந்தத் தாயார் எல்லாவற்றையும் மகளின் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னார். மாணவி அழகாக எழுதினாள். ‘அறவாரியம்’ மட்டும் வல்லின றகரத்திற்குப் பதில் இடையின ரகரமாக இருந்தது, திருத்தினேன்.

அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 31. கணவர் வீடு திரும்பிச் சில நாள்களே ஆகியிருந்தன. முகவர் தம்பி வரவில்லை. பின்னர் காப்புறுதி நிறுவனத்திற்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். 2014இல் இரத்த அழுத்தம் இருந்ததையும், படிவத்தில் அது தவறாகப் பதிவானதையும் சொல்லி, கிளினிக் அட்டையின் நகலை இணைத்தோம். படிவத்தை எழுதியவர் யார் என்று கணவர் குறிப்பிடவில்லை. நான் குறிப்பிட வேண்டும் என்றேன், அவர் மறுத்தார். இதில் இன்னும் எங்களுக்குள் கருத்து வேறுபாடுதான். பதிலாக, இருதயம், இரத்த அழுத்தம் தொடர்பான நோய்களுக்கு இனி காப்பு இல்லை, மற்றவற்றுக்கு ஒப்பந்தம் தொடரும் என்று எழுதியிருந்தார்கள். அதே மாதங்களில் காப்புறுதிச் சந்தா உயர்வு பற்றி நாடெங்கும் கூச்சல். 2024 டிசம்பரில் நாட்டு வங்கி தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்து விதிக்க வேண்டும் என்று அறிவித்தது. அட்டையைக் கைவிட்டுவிடலாமா என்று ஆசிரியர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். நாங்கள் வைத்திருக்கிறோம், ஆனால் எங்கள் விடை உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் ஒப்பந்தத்தின் ஆண்டு வரம்பையும் படிவ நகலையும் முதலில் பாருங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு செய்தி: நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதங்களுக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2025 ஜனவரி முதல் அவ்வமைப்பு இந்தப் பெயரில் இயங்குகிறது.

பொங்கலுக்கு முகவர் தம்பி வந்தார். அண்ணன் மார்பில் உள்ள தழும்பைப் பார்த்தார். காப்புறுதி பற்றி இருவரும் பேசவில்லை. பால் பொங்கியபோது மட்டும் எல்லாரையும்விட உரக்கக் கூவினார்.

கணவர் இப்போது தொழிற்சாலையில் மூட்டை தூக்காத பிரிவில் இருக்கிறார். மேட்டுப் பாதையில் ஒருமுறைகூட நில்லாமல் ஏறி வருகிறார். அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு ஜாலான் துன் ரசாக் போக வேண்டும். உத்தரவாதக் கடிதம் அதற்குச் செல்லுமா, புதிதாக எடுக்க வேண்டுமா என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.